விசிறிச் சாம்பியன்

புக்கோம், அக்ரா
3 மார்ச் 2006

திரு. போனிஃபேஸ் கபாம்ப்வே அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் புருஷனைத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் மைதானத்தில், ஏழாம் சுற்றில் உங்களைக் கீழே தள்ளி, ஆப்பிரிக்காவின் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்ட அயிக்வே ஓடோய். போன மாதம் பதினோராம் தேதி காலமாகிவிட்டார். சிறுநீரகக் கோளாறு. வயது ஐம்பத்து நாலுதான். எங்கள் வழக்கப்படி உடலைப் பதப்படுத்தி வைத்திருக்கிறோம், மே மாதம் கடைசிச் சனிக்கிழமை அடக்கம்.

துக்கம் சொல்ல மட்டும் எழுதவில்லை. எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

தேஷியில் இருக்கும் தச்சரிடம் அவருக்குக் குத்துச்சண்டைக் கையுறை வடிவத்தில் சவப்பெட்டி செய்யச் சொல்லியிருந்தேன். செய்த தொழிலின் வடிவத்தில் பெட்டி செய்வது எங்கள் ஊர் வழக்கம்: மீன்காரனுக்கு மீன், ஓட்டுநருக்கு லாரி, சாம்பியனுக்குக் கையுறை. இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் குடும்பத்துக்கு மூத்தவர் அட்டா லார்பி கையை விரித்துவிட்டார். "பட்டம் ஜெயிச்சவனுக்குத்தான் கையுறை. விசிறி வீசினவனுக்கு எதுக்கு? ஊரு சிரிக்கும்மா. சாதாப் பெட்டி போதும்" என்கிறார்.

விசிறி என்றால் உங்களுக்குப் புரியும். தோற்று ஊர் திரும்பிய அன்று, பத்திரிகைக்காரர்களிடம் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது எங்கள் பேப்பரிலும் வந்தது. "அவன் எங்க அடிச்சான்? விசிறிதான் விட்டான்." அந்தக் குத்தை இங்கே யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அவருடைய முதுகுதான் தெரிந்தது. நீங்கள் பொத்தென்று விழுந்ததை மட்டும்தான் எல்லாரும் கண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து உங்கள் ஊரில் அவரை இரண்டே சுற்றில் சாய்த்தீர்கள். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது, முதல் சண்டை விலைக்கு வாங்கியது என்று.

உண்மையில் விழுந்தீர்களா, விலைக்கு விழுந்தீர்களா? எதுவானாலும் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். பெரியவர்கள் முன்னால் நானே வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
அக்வேலே ஓடோய்

•

கிட்வே, ஜாம்பியா
24 மார்ச் 2006

அன்புத் தங்கச்சி அக்வேலேவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அயிக்வே போய்விட்டானா? என்னைவிட மூன்று வயது சின்னவன். தங்கச்சி என்று எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவனோடு நான் ஆடியது இரண்டு சண்டையிலும் சேர்த்து ஒன்பது சுற்றுதான், ஆனால் அந்த ஒன்பது சுற்றில் கூடப்பிறந்தவன் மாதிரி ஆகிவிடுகிறான்.

என்ன ஆட்டக்காரன்! நல்ல நாளாக இருந்தால் அவனை எவனும் தொட முடியாது. கெட்ட நாளாக இருந்தால் வழியில் போகிறவனிடம்கூட அடி வாங்குவான். லாகோஸில் அவன் ஜெயித்ததை ரேடியோவில் கேட்டு நானே கை தட்டினேன். அடுத்த மாதமே ஜெர்மனியில் யாரோ பேர் தெரியாத பையனிடம் விழுந்தான் என்று கேள்விப்பட்டபோது நம்ப முடியவில்லை.

நான் சுகம். சுரங்க வேலையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. இங்கே குளிர் ஆரம்பித்தால் தாடை வலிக்கிறது. என் மகன் லோம்பே சொந்தமாகக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறான். சுவரில் என் படம் வரைந்து, கீழே 'ஒருவனிடமும் உண்மையாகத் தோற்காதவர்' என்று எழுதி வைத்திருக்கிறான். பிள்ளைப் பாசம், என்ன செய்வது.

பழைய சண்டையைப் பற்றி இப்போது எதற்கு அம்மா? போனவன் நிம்மதியாகப் போகட்டும். பெட்டி எந்த வடிவமாக இருந்தால் என்ன, மண் ஒன்றுதானே. உன் துக்கத்தில் பங்குகொள்ளும்,

அண்ணன்
போனிஃபேஸ்

•

புக்கோம்
10 ஏப்ரல் 2006

திரு. கபாம்ப்வே அவர்களுக்கு,

உங்கள் துக்கம் கிடைத்தது. என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நான் கெங்கி என்கிற சோளமாவு உருண்டை விற்கிறவள். புளித்த மாவு எது, புளிக்காத மாவு எது என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். உங்கள் கடிதம் சரியாகப் புளிக்கவில்லை.

மண் ஒன்றுதான் என்கிறீர்கள். அந்த மண்ணுக்கு மேலே அவர் நடந்த கதையைக் கேளுங்கள். காலையில் ஓட்டப் பயிற்சிக்குக் கடற்கரைப் பக்கம் போவார். மீன் சுடுகிற பெண்கள் அடுப்பு விசிறியைத் தூக்கி அவர் பக்கமாக வீசுவார்கள். "சாம்பியன், வேர்க்குதா? நீ வீசினா மலையே சாயுமாமே, எங்க அடுப்புக்கும் கொஞ்சம் வீசிட்டுப் போயேன்!" அவரும் சிரிப்பார். ஆறரையடி ஆள், கை ஓங்கினால் கடை பறக்கும். ஒரு நாள்கூட ஓங்கவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

முப்பத்தெட்டு வயதில் மறுபடி மேடை ஏறினார். இருபத்து நாலு வயதுப் பையனைப் பத்துச் சுற்று விரட்டி நாட்டுப் பட்டத்தை வாங்கினார். மூன்று மாதத்தில் அதையும் விட்டார். மொத்தம் முப்பத்தொன்பது சண்டை, இருபத்திரண்டு வெற்றி, பதினேழு தோல்வி. பதினேழையும் நான் மறைக்கப் போவதில்லை. விழுந்தவர், எழுந்தவர், மறுபடி விழுந்தவர் என்றே சொல்லப் போகிறேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை, பெருமைதான். ஆனால் அந்த ஒரு வெற்றியை யாரும் அவரிடமிருந்து எடுக்கக் கூடாது.

இன்னொன்று. இதை அட்டா லார்பியிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அக்வேலே, அவன் நெஜமாவே விழுந்தானா? எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமா இருக்குடி. என் இடது கையில பட்ட மாதிரிதான் இருந்துச்சு."

"நெஜமாத்தான் விழுந்தான். பேசாமப் படுங்க" என்றேன். எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு நான் நிறைமாத வயிற்றோடு வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடது என்று சொன்னதற்கும் இங்கே கேலிதான். "இடது கையால ஒருத்தருக்கு வத்தல் மொளகா கூடக் குடுக்க மாட்டோம். இவன் இடது கையால பட்டம் வாங்கினானாம்!"

உங்கள் நாக்கு விட்ட விசிறி இருபத்து மூன்று வருஷமாக எங்கள் தெருவில் வீசிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துவதோ இன்னும் ஓங்கி வீசுவதோ உங்கள் இஷ்டம். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அக்வேலே

•

கிட்வே
28 ஏப்ரல் 2006

அக்வேலே அம்மாவுக்கு,

அண்ணன் என்று கையெழுத்துப் போட எனக்கு இன்று தகுதியில்லை. கீழே உள்ளதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.

நான், போனிஃபேஸ் கபாம்ப்வே, அயிக்வே ஓடோயிடம் உண்மையாகத் தோற்றேன். ஒருவரும் எனக்கு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு சுற்றுவரை நான்தான் முன்னால் இருந்தேன். ஏழாவதில் அவன் வலது கையை ஓங்கினான். நான் அதைப் பார்த்தேன். அவனுடைய இடது கை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காதுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த விறகு முறிகிற மாதிரி. அப்புறம் மேடைக்கு மேலே இருந்த விளக்குகள் தெரிந்தன. நடுவர் எட்டு எண்ணும்போதுதான் என் பெயரே எனக்கு ஞாபகம் வந்தது.

தாடை இரண்டாக உடைந்திருந்தது. விமானத்தில் ஏறும்போது வாயைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் ஊரில் இறங்கியதும் கூட்டம், கேமரா. "அவ்வளவு பலமா அடிச்சானா?" என்று ஒருவன் கேட்டான். அழுதுவிடுவேன் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விசிறிப் பேச்சைப் பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள். தோற்றவன் என்பதைவிட விற்றவன் என்ற பேர் எனக்குச் சுலபமாக இருந்தது அம்மா. விற்றவனைப் பார்த்தால் 'கெட்டிக்காரன்' என்று கண்ணடிப்பார்கள். தோற்றவனைப் பார்த்துப் பாவப்படுவார்கள். மறுநாள் தாமிரச் சுரங்க ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி கட்டினார்கள். ஆறு வாரம் முன்கோயோ என்கிற சோளக் கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சினேன். வீட்டுக்கு வெளியே மலேரியா என்று சொல்லச் சொன்னேன். அப்போது சின்னப் பையனாக இருந்த என் மகனுக்கும் அதுதான் தெரியும்.

அந்த எக்ஸ்ரே படத்தை இத்துடன் அனுப்புகிறேன். மூலையில் என் பெயரும் தேதியும் இருக்கின்றன. முறிவு வலது பக்கம். இடது கையால் அடித்தால்தான் அங்கே முறியும். இதை ஏன் இவ்வளவு காலம் எரிக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே புரியவில்லை. அவ்வப்போது எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். அப்படி ஒரு குத்தை வாழ்நாளில் ஒருமுறைதான் வாங்க முடியும்.

இத்தனை வருஷமும் அவனுக்கு உண்மையான விசிறி நான் ஒருத்தன்தான். அவன் உயிரோடு இருக்கும்போது இதை எழுதியிருக்க வேண்டும்.

போனிஃபேஸ் கபாம்ப்வே

•

புக்கோம்
1 ஜூன் 2006

திரு. கபாம்ப்வே அவர்களுக்கு,

அடக்கம் முடிந்தது. நடந்ததை உங்களுக்கு எழுதுவது முறை.

உங்கள் கடிதத்தைக் குடும்பக் கூட்டத்தில் வாசித்தேன். அட்டா லார்பி எக்ஸ்ரே படத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலுக்கு நேரே பிடித்துத் தன் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே வந்து, "தச்சனுக்கு ஆள் அனுப்புங்க. இடது கை. கட்டை விரல் சரியான பக்கம் இருக்கணும்னு சொல்லுங்க" என்றார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பி அழுதார். உங்கள் தாடை புக்கோம் முழுக்கக் கைமாறி, இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் திரும்பி வந்தது.

சனிக்கிழமை சிவப்புக் கையுறையை எட்டுப் பேர் தோளில் தூக்கி வந்தார்கள். சந்தைத் தெரு திரும்பியதும் மீன்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் விசிறி. இன்றைக்குமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்களில் மூத்தவள் கத்தினாள்: "எறக்குங்கடா பெட்டிய! எங்க சாம்பியனுக்கு வேர்க்குது. வீசுங்கடி!" நடுத்தெருவில் இறக்கி வைத்து, சுற்றி நின்று, அழுதுகொண்டே வீசினார்கள். அவ்வளவு காற்று வந்தது. தலைத்துணி பறக்க நான் ராணி மாதிரி நின்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அன்றைக்கு அழுகையே வரவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் காதில் சொன்னேன்: "நெஜமாத்தான் விழுந்தான். அவனே எழுதிக் குடுத்துட்டான்."

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உங்கள் உண்மையைக் கேட்டிருக்க வேண்டியவர் நாலு மாதம் முன்னாலேயே போய்விட்டார்.

எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்புகிறேன். அது லோம்பேயின் சுவரில் இருக்க வேண்டியது. கூடவே என் அடுப்பு விசிறியையும் வைத்திருக்கிறேன், ஓரம் கருகியிருக்கும். அதைப் பக்கத்தில் மாட்டுங்கள். யாராவது இது என்ன என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். முதலில் உங்கள் மகனுக்கு.

சொல்லி முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். அப்போது உங்களை அண்ணா என்று கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஆப்பிரிக்கச் சாம்பியன் அயிக்வே ஓடோயின் மனைவி
அக்வேலே