ரசமணி ஊறிய பால்

நவம்பர் 9, ஞாயிறு

எதிர் பிளாக் தெரியவில்லை. பனி இல்லை, டெல்லிப் புகை. ஜன்னலைத் திறந்த பேத்தி நித்யாவுக்குத் திட்டு.

வாயில் அதே சுவை, துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி. வலது கை நடுக்கம் நேற்றைவிடக் கம்மி. கால் விரல்கள் மரத்தே கிடக்கின்றன.

உள்ளே போனது: கொத்தமல்லிச் சாறு (இனிமேல் கொ. சாறு). பச்சைப் பாசி மாத்திரை, குளத்து நாற்றம். பூண்டு. அப்புறம் அந்தப் பொடி. பெயர் என் வாயில் நுழையாது. நித்யா போனில் பார்த்து வரவழைத்தது. உடம்பில் ஏறின பாதரசத்தை இறக்குகிற வேலை. டாக்டர் சொல்லவில்லை. நானும் அவள் போனும் சேர்ந்து செய்கிறோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: "மாதாஜி, அந்த மணி போட்ட பால் பந்த், அடியோட நிறுத்தணும். அதுதான் மருந்து. இந்த இன்டர்நெட் பொடியும் பந்த்." முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்து காத்திருக்க எனக்கு வராது.

அந்தப் பாதரச மணியைக் கொடுத்தவள் என் நாத்தனார் செண்பகம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு முட்டுவலி வந்தபோது, கரோல் பாக்கிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து கொடுத்தாள். "ஏட்டி கோமதி, சித்தர் கட்டின ரசமணி. பாலைச் சுட வச்சு இதப் போடு. மணிய எடுத்துட்டுப் பாலைக் குடி. வலி பறந்துரும்." குடித்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. போய்ச் சொன்னேன். "ஊறினது பத்தல. இன்னும் ஊற விடுட்டி" என்றாள். விடிய விடிய ஊற வைத்துக் குடித்தேன்.

வந்தபோது நெல்லிக்காய் அளவு. இப்போது சுண்டைக்காய். மீதி எங்கே போச்சு? எனக்குள்ளே.

விஷயம் வெளியே வந்ததுகூட டாக்டரால் இல்லை, மோதிரத்தால். மணியையும் மோதிரத்தையும் ஒரே கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தேன். தங்கம் வெள்ளை பூத்துவிட்டது. தட்டான் தள்ளி வைத்துப் பார்த்தான். "பாரா லகா ஹை, மாதாஜி." பாதரசம் பட்டிருக்கிறதாம்.

செண்பகம் விஷயத்தில் மறக்காதவை:
— முதல் டெல்லிக் குளிருக்குக் கிழிசல் ரஜாய்ப் போர்வை எனக்கு, புதுசு அவளுக்கு.
— பிரசவித்துப் படுத்திருந்தபோது "கோமதி சாப்பாட்டு ராமி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னது.
— இவர் காரியம் முடிந்த அன்றே "எங்கம்மா விளக்கு" என்று குத்துவிளக்கைத் தூக்கிப் போனது. திரியைக்கூட எடுக்கவில்லை, எண்ணெய் சொட்டச் சொட்டப் போனாள்.
— மணி.

நவம்பர் 11, செவ்வாய்

கொ. சாறு. பொடி. வயிற்றைக் கலக்குகிறது. கெட்டது வெளியே போகிறது என்கிறாள் நித்யா. பொடியே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் ப்ரீத்தி வந்தாள். செண்பகத்தின் பேரன் பெண்டாட்டி. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து, வீட்டோடு. பாப்பா என் மடியில் ஏறிச் சேலையைச் சப்பினது. மூக்கு ஒழுகல்.

"சளியா?"

"சரியாயிரும் ஆச்சி. பெரிய ஆச்சி டெய்லி மணி போட்ட பால் குடுக்கறாங்க."

பெரிய ஆச்சி என்றால் செண்பகம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "குடுக்காதட்டி, அது விஷம்." ரிப்போர்ட்டைக் காட்டினேன். மோதிரத்தைக் காட்டினேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பார்த்தது. பிறகு, "இது உங்க பிளட்தானே ஆச்சி? பெரிய ஆச்சியும் அதையே குடிக்கறாங்க, நல்லாத்தானே இருக்காங்க? உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க" என்றது.

அதுதான் விஷயம். நான் எதைச் சொன்னாலும் பழைய பகை பேசுகிறது என்பார்கள். பகை உண்டு. இல்லை என்றா சொன்னேன்? பகை இருந்தால் பாதரசம் பால்கோவா ஆகிவிடுமா?

செண்பகத்துக்கே போன் போட்டேன். "ஒனக்கு வயிறு எரியுது. எங்க வீட்டுல பேரன் பிள்ளை வந்துட்டுல்லா" என்று வைத்துவிட்டாள்.

மகன் சங்கர்: "அம்மா, ஃபங்ஷன்ல போய் ஆரம்பிச்சிராதீங்க, ப்ளீஸ்."

நவம்பர் 13, வியாழன்

வெயில் கொஞ்சம். கொ. சாறு குடிக்கவில்லை, கொத்தமல்லி வாடல். சப்ஜிக்காரனோடு சண்டை.

தூக்கம் இல்லை. செண்பகம் மூஞ்சியில் மணியை விட்டெறிய வேண்டும் என்றுதான் முதலில் இருந்தது. எறிந்தால் கிழவிக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்பார்கள். பாப்பா பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மணியைப் போட்டு நித்யா டேப் சுற்றி மூடி வைத்திருந்த பாட்டிலை அவள் ஆபீஸ் போனதும் திறந்தேன். மோதிரத்தில் வெள்ளை ஏறாத பக்கத்தில் மணியை அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த இடம் அலுமினியம் மாதிரி ஆனது. தனியே உட்கார்ந்து சிரித்தேன். கையை நன்றாகக் கழுவினேன்.

செண்பகத்தின் தங்கப் பட்டை வளையல் ஞாபகம் வந்தது. கல்யாணம், வளைகாப்பு, சாவு வீடு, எங்கே போனாலும் முழங்கை வரை சேலையை ஒதுக்கிக் காட்டுகிற வளையல்.

என் மணி வேண்டாம். "உன் மணி கெட்டுப்போச்சு" என்பாள். அவள் மணியே வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

பொடி இல்லை, வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்ய. கத்தரிப்பூப் பட்டு. சங்கர் காரில் மறுபடியும், "அம்மா, ப்ளீஸ்." தலையை ஆட்டினேன்.

வீடு நிறைய ஜனம். நடுக்கூடத்தில் என் குத்துவிளக்கு, அதற்குப் பூ வேறு. தட்டான் சின்னக் கம்மல் டப்பாவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். குத்தினால் பாப்பா அழும், அழுதால் கொடுக்க வெள்ளி டம்ளரில் பால். அடியில் மணி.

"வாட்டி கோமதி. கை இன்னும் ஆடுதா? நான்தான் சொன்னேனே, ஊற விடுன்னு." நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

டம்ளருக்குள் விரலை விட்டு மணியை எடுத்தேன். அவள் கையைப் பிடித்தேன். வளையல் மேல் வைத்துத் தேய்த்தேன். என் கை ஆடினது. நல்லதாய்ப் போச்சு, தனியாகத் தேய்க்க வேண்டியதே இல்லை.

"ஏட்டி கோட்டிக்காரி! விடுட்டி கைய!"

"பாருங்க மதினி. எல்லாரும் பாருங்க. சித்தர் என்ன பூசிவிட்டிருக்காருன்னு பாருங்க."

பட்டை வளையலில் வெள்ளைத் தழும்பு. தட்டான் முதலில் பார்த்தான். "அரே, பாரா! ஹடாவோ, ஹடாவோ" என்று தள்ளி எடுக்கச் சொல்லிக் கம்மல் டப்பாவை மூடி மடிக்குள் வைத்துக்கொண்டான்.

ப்ரீத்தி எழுந்தாள். "பெரிய ஆச்சி, இதையா பாப்பாவுக்கு இத்தனை நாள்..." டம்ளரை எடுத்துப் போய்ச் சிங்கில் கொட்டினாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நானும்தானே குடிக்கேன்! தெரிஞ்சா குடுப்பேன்?" செண்பகம் கத்தினாள். தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். செம்பு தட்டில் பட்டுக் கிணிகிணி என்று அடித்தது. கை நிற்கவில்லை. எனக்கு எப்படி ஆரம்பித்ததோ அப்படியே.

பாவம் என்று தோன்றவில்லை. எழுதி வைக்கிறேன்.

வரும்போது விளக்கைத் தூக்கிக்கொண்டேன். பூவோடு. ஒருத்தரும் தடுக்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

சங்கருக்குக் கோபம். நித்யா, "ஆச்சி, யூ ஆர் டேஞ்சரஸ்" என்று கன்னத்தைக் கிள்ளினாள். ப்ரீத்தி பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். ரத்தம் எடுத்தார்களாம்.

விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். பாதியில் கை வலி. மீதி நாளைக்கு.

நவம்பர் 19, புதன்

ப்ரீத்தி போன். பாப்பாவுக்குக் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, நிறுத்திவிட்டதால் தானாக இறங்கும் என்றாராம் டாக்டர். "தேங்க்ஸ் ஆச்சி" என்று அழுதது. எனக்கும் கண் கலங்கினது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வயிறு இப்போது தேவலை. இரண்டு நாளாகப் பொடி போடவில்லை, டாக்டரம்மா சொன்னதற்காக இல்லை, தீர்ந்துவிட்டது. நடுக்கம் கூடவில்லை. யோசிக்க வேண்டியதுதான்.

சாப்பிட்டு உட்கார்ந்ததும் செண்பகம் போன். வளையலைப் பற்றித் திட்டப்போகிறாள் என்று பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"ஏட்டி..." என்று இழுத்தாள். "கை ஆடுதுட்டி எனக்கு. ரொம்ப நாளா. யார்கிட்டயும் சொல்லல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ ஏதோ பொடி சாப்பிடுதியாமே. பேரு என்ன?"

பாலை நிறுத்துங்க, டாக்டரைப் போய்ப் பாருங்க என்றேன். அவ்வளவுதான். பொடியின் பெயரைச் சொல்லவில்லை. பெயர் கேட்டு இன்னொரு தடவை கூப்பிடட்டும்.