நடையில் கிடக்கும் மூட்டை

கணபதி துணை
தாது வருஷம் ஐப்பசி 14

கண்ணு மயில்சாமிக்கு அப்பா காளிச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு கன்று எல்லாம் உடம்புக்குச் சுகம். உன் சுகத்துக்கு அந்த ரங்கநாதர் துணை. நீ போட்ட கார்டு கிடைத்தது, மில்லில் பஞ்சுத் தூசி ஜாஸ்தி, இருமல் விடவில்லை என்று எழுதியிருந்தாய், பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடி, ஓட்டல் தயிரைத் தொடாதே. இங்கே நல்ல மழை, சோளம் நன்றாக வந்திருக்கிறது. எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் இதையெல்லாம் முதலில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. நீயும் முஸ்தபாவும் பம்பாயில் ஒரே அறையில் இருக்கிறீர்கள். அவன் சம்சாரம் உம்மல் குல்சுமை நம் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீ எழுதித்தான் பின்கட்டை வாடகைக்கு விட்டோம். அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததைச் சொல்ல எனக்குக் கூசுகிறது.

நமக்கும் பின்கட்டுக்கும் பொதுவான நடையில் அவள் ஆவணியிலிருந்து தகரப்பெட்டி, படுக்கை மூட்டை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வாடகைக்கு விட்டது அறையைத்தானே, நடையை இல்லையே என்று எனக்கு எரிச்சல். தனியாக இருக்கும் பெண்பிள்ளை என்று நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, எது சொன்னாலும் உன் அம்மா வழியாகத்தான். போன மாசம் உன் அக்காவின் மாமனார் காரமடையிலிருந்து வந்தவர் பெட்டியில் காலை இடித்துக்கொண்டு, "ஏனுங் சம்பந்தி, இது ஊடுங்களா, சந்தப்பேட்டைங்களா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. வியாழக்கிழமை அவர் மறுபடி வருவதாகச் சொல்லியனுப்பினார். குல்சும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்வாசலில் வேப்பமரத்தடியில் வைத்தேன். "வேண்டாமுங்க, மானம் இருட்டிக்கிட்டு வருது" என்று உன் அம்மா சொன்னாள், அதட்டிவிட்டேன். சம்பந்தியும் நானும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மழை பிடித்தது. அந்தச் சத்தம் என் காதில் நன்றாக விழுந்தது கண்ணு. சம்பந்தி பார்க்க எழுந்துபோய்க் குடியிருக்கிறவள் மூட்டையைத் தூக்குவதா என்று, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். உன் அம்மாதான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

குல்சும் வந்து பார்த்தாள், குழந்தையோடு அறைக்குள் போய்விட்டாள். சம்பந்தி போனபிறகு, நியாயம் சொல்லத்தான் அவள் வாசலில் போய் நின்றேன். அவர்கள் குடிவந்து முதல் தடவையாக அந்த அறைக்குள் பார்க்கிறேன். கூரையில் வெளிச்சம் தெரிகிறது. தரையெல்லாம் பாத்திரம், எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டுகிறது, பத்து நாளாகக் காணோம் என்று நான் கத்திக்கொண்டிருந்த நம் பித்தளைப் போசியும் அங்கே இருந்தது, உன் அம்மா கொடுத்தது. நனையாத ஒரு மூலையில் குழந்தையைப் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நனையாத எடம் நட ஒண்ணுதானுங்க, அதான் வெச்சுப்போட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். திரும்பினால் நடையின் மறுபக்கம் இடுப்பு உயரத்துக்குச் சீமை ஓடு அடுக்கியிருக்கிறது, அந்தக் கூரைக்கு மாற்றவென்று நான் சித்திரையில் வாங்கினது. பாதி நடையை அடைத்துக்கொண்டிருந்தது என் சாமான், அதை ஆறு மாசமாக நான் பார்க்கவே இல்லை. ஆடியில் அதிலிருந்து நூறு ஓடு எடுத்து மாட்டுச்சாளைக்குப் போட்டேன், அது மட்டும் மறக்கவில்லை. உன் அம்மா நாலு தடவை சொன்னபோதும் ஆகட்டும் பார்க்கலாம் என்றேன்.

பெட்டியில் முஸ்தபா அவளுக்கு எழுதின கடிதங்கள் இருந்திருக்கின்றன. நடையில் கொடி கட்டி ஒவ்வொன்றாகக் காயப்போட்டாள், நான் குனிந்துதான் அதற்குக் கீழே போய்வந்தேன், மை கரைந்து ஒன்றிலும் எழுத்து இல்லை, வெறும் நீலம். மறுநாளே ஆள் வைத்து ஓடு மாற்றியாயிற்று, ஒன்றரை நாள் வேலைதான். ஆனால் அவள் தாராபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக முஸ்தபாவிடம் உத்தரவு கேட்டு எழுதிவிட்டாள். அறை ஈரம் என்று மட்டும் எழுதினாளாம். என்னைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று உன் அம்மா கேட்டதற்கு, "அவியளப் பத்திக் கொறவா எழுதி என்னாகப் போகுதுங்கம்மா" என்றாளாம். அதனால்தான் நான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை முஸ்தபாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டு, அப்பனாயிற்றே என்று ரசத்துக்குச் சோறு கேட்ட வரியை விட்டுவிடாதே. அவன் முகத்தில் விழிக்க உனக்குச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடம் என்னால் வந்தது. போகச் சொன்னான் என்றால் நானே வண்டி கட்டிக் கொண்டுபோய் விடுகிறேன். எப்படியானாலும், ஞாபகம் இருக்கிற மட்டும் அந்தக் கடிதங்களை அவளுக்குத் திரும்ப எழுதச் சொல்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீடூழி இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே. பதில் உடனே போடு, தாமதம் வேண்டாம். அவள் சாமானெல்லாம் கட்டி நடையில் வைத்திருக்கிறாள், நான் ஒருக்களித்துத்தான் போய்வருகிறேன். அந்த மூட்டை அங்கேயே கிடக்கட்டும் சாமி என்று தினம் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பன்
காளிச்சாமி