மேல்வளைவில் விட்ட மீன்கள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? துணி துவைக்கிற வேலையை மாப்பிள்ளையிடமே விட்டுவிடு. அவர் துவைத்தால் சாயம் போகிறது என்றாய். போகட்டும், பிள்ளை பிறந்த பிறகு புதுத்துணி வாங்கிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அப்பாவை ஒரு பிடி பிடித்தாய். ஊர் கூடின இடத்தில் பொய் சொல்லி இந்த வயதில் குடும்ப மானத்தை வாங்கணுமா என்று கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "சரிம்மா, தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா போனை என்னிடம் கொடுத்தார். நான் உன் மாத்திரையைப் பற்றி விசாரித்தேன். வேறொன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா பொய் சொன்னது நிஜம். யாருக்காகச் சொன்னார் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது அப்பாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

சர்க்கரை வியாதி கண்ணைத் தின்று, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சமானபோது அப்பா தையல் கடையை மூடினார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆற்றை இழந்ததைத்தான் தாங்க முடியவில்லை. குவாரியிலிருந்து சேறு இறங்கி, ட்ரவுட் மீன் முட்டையிடும் கூழாங்கல் எல்லாம் மூடிப்போய், மேல்வளைவில் மருந்துக்குக்கூட ஒரு மீன் இல்லாமல் போனது. அப்பா முன்னின்று மனுப்போட்டுக் குவாரியை நிறுத்தினார். ஆனாலும் மீன் திரும்பவில்லை. நூலும் சேவல் இறகும் வைத்துத் தானே கட்டிய, தூண்டிலில் மாட்டும் பொய் ஈக்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். கேட்டால் ஒரு 'ம்', அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கிற மீன் பண்ணையில் வருஷா வருஷம் தொட்டியில் வளர்த்த ட்ரவுட்டை லாரியில் கொண்டுபோய்ப் பாலத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் ஆற்றில் விடுவது உனக்குத் தெரியும். பாலத்துக்கு மேல்பக்கம், மேல்வளைவு இருக்கிற பகுதியில், ஒன்றுகூட விடக்கூடாது. அந்தப் பகுதி தானாகவே தேறி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. இந்த வருஷம் கடைசி லோடு முடிந்ததும் நான் இரண்டு வாளியில் மீனை எடுத்து வைத்துக்கொண்டேன். லாரி டிரைவர், "மாட்டினா ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணுக்கா" என்றார். அப்பாவுக்காக இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சினேன். தலையைச் சொறிந்தபடி மேல்வளைவுக்கு வண்டியை விட்டார். ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து, குளிர் பழகியதும் சாய்த்துவிட்டேன். அப்போது எனக்கு உறுத்தவே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் சும்மா காற்றாட வாங்க என்று அப்பாவைக் கூட்டிப்போனேன். பாறைக்கு இடப்பக்கம் வீசுங்கள் என்று நான் சொன்னேன். மற்றதெல்லாம் அவர் கை செய்தது. எதிர்க்காற்று. நூல் போய்த் தண்ணீரில் படுத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மீன் இழுத்ததும் அப்பா குரல் உடைந்துவிட்டது. "வந்துட்டாண்டி, வந்துட்டான்" என்றார். கரைக்குக் கொண்டுவந்தவர் தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு. சலூனுக்குள் நுழைந்து, பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தவரிடம்கூட ஆறு பிழைத்துவிட்டது என்று சொன்னார்.

அந்தப் பேச்சு குவாரிக்காரர் காதுக்குப் போனது. குவாரியை மறுபடி திறக்க அவர் விண்ணப்பித்திருந்தார். அதற்காக ஊராரிடம் கருத்துக் கேட்கிற கூட்டத்தில் அவருடைய வக்கீல் எழுந்து, மேலே மீன் வந்துவிட்டதாமே ஐயா, நீங்களே பிடித்தீர்களாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும், ஆமாம், என் கையால் பிடித்தேன் என்றார். அப்படியானால் ஆறு தேறிவிட்டது, திறப்பதில் தடை என்ன என்று வக்கீல் கேட்க, அதிகாரி முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். ஏம்ப்பா சொன்னீங்க என்று வழியில் கேட்டேன். "இருக்கறதை எப்படிடி இல்லைங்கறது" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அடுத்த முறை ஆற்றுக்குப் போனபோது இன்னொன்று மாட்டியது. இந்தத் தடவை அப்பா உடனே விடவில்லை. ஈரக்கையில் மீனைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் முதுகுத் துடுப்பைத் தடவினார். வாலைத் தடவினார். சிமெண்டுத் தொட்டியில் உரசி உரசி வளர்கிற மீனுக்குத் துடுப்பு ஓரமெல்லாம் பிய்ந்து மொட்டையாகத்தான் இருக்கும். தையற்காரர் விரலுக்கு ஓரம் தெரியாதா? மீனை மெதுவாக விட்டுவிட்டு நூலைச் சுற்ற ஆரம்பித்தார். பாதி வழியில், "வேற யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். டிரைவருக்கு என்றேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இரண்டு என்றேன். ஏன் செய்தாய் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் அப்பா தானாகவே எழுந்து நின்றார். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை, பெருமைக்காக அளந்துவிட்டேன், எல்லோரும் மன்னிக்கணும் என்றார். கூட்டமே சிரித்தது. வக்கீல், கண் தெரியாதவர் சாட்சியை நம்பியது என் தப்பு என்றதும் இன்னும் சிரிப்பு. நான் மூன்றாவது வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. குவாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

இப்போது சலூனில், "என்ன பெரியவரே, இன்னைக்குத் திமிங்கிலமா?" என்று கேட்கிறார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்.

பண்ணை அதிகாரியிடம் போய், நான்தான் தனியாகச் செய்தேன், டிரைவருக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புகிறேன். அவர் அறை வாசல் வரை போகிறேன். தீவனக் கணக்கைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். அப்பா, "நான் சொன்னது வீணாப் போயிடும், வாயை மூடிக்கிட்டு இரு" என்கிறார். அவர் சொல்வதால்தான் மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னால் நீ நம்பாதே. எனக்குப் பயம். வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, அன்று சிரித்த அதே முகங்கள் என்னைப் பார்க்கும் என்ற பயம்தான் அதிகம்.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். பிரசவத்துக்குப் பிறகு என்னிடம் பேசாமல் இருந்தாலும் சரி. ஆனால் இந்த வாரமே அப்பாவுக்குப் போன் செய். மன்னிப்புக் கேட்காதே, நான் சொல்லிவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அந்த முதல் மீனை எப்படிப் பிடித்தீர்கள் என்று மட்டும் கேள். மீனை விட்டது நான். ஆனால் அந்தக் காற்றில், அந்தக் கண்ணோடு, அதைப் பிடித்தது அவர்தான். அதில் துளியும் பொய் இல்லை. முதலில் மழுப்புவார். நீ விடாமல் கேள். சொல்ல ஆரம்பித்தால் நீட்டி முழக்குவார். நடுவில் வெட்டிவிடாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிரு, கண்ணு.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அக்கா