ஷோபனா நடிக்கவில்லை

பூதலூர்,
16.9.1997

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நீ சுகமாக இருப்பாய். நானும் அப்பாவும் சுகம். ஷோபனாவுக்குத்தான் சுகமில்லை.

குறுவை அறுத்தாகிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஆடியிலிருந்தே உன் பெண்சாதி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். குனிந்து பெருக்கினால் கண் இருட்டுகிறது என்பாள். காதுக்குள் இரைகிறது என்பாள். கண்ணாடி மாற்றியும் தலைவலி நிற்கவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று நான் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். அதன்பிறகு நீ அவளுக்கு எழுதவே இல்லை. போனிலும் என்னோடு பேசிவிட்டு வைத்துவிட்டாய். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

போன வியாழக்கிழமை ரயிலடிப் பக்கம் என்னோடு நடந்து வந்தாள். பக்கவாட்டில் பஸ் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் குறுக்கே போனாள். பூக்கடை ரெத்தினம் மட்டும் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... எழுதக் கை வரவில்லை. நான் ஆத்திரத்தில், "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். அவள் ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள். "ஆமா அத்தை, ரெண்டு ஓரமும் தெரியல. சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள்.

மறுநாளே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை. தலைக்குள் நீரின் அழுத்தம் ஏறிக் கண் நரம்பு வீங்கிவிட்டதாம். தலைவலியும் அதனால்தானாம். முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்து, மருந்து ஆரம்பித்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, நாள் கடத்தக் கூடாது என்றார் டாக்டர். "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இவள் அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "அவருக்கே நான் வேண்டாதவளாயிட்டேன். கண்ணை வச்சுக்கிட்டு யாரைப் பாக்கப் போறேன்?" என்கிறாள். நேற்று அவள் காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

நீ எப்போதும் கூப்பிடும் டெலிபோன் பூத்திலிருந்து உன் கம்பெனிக்கு மூன்று தடவை போட்டேன். நீ இப்போது வெளியிடத்து வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால் நாளை சிங்கப்பூருக்கு விமானம் ஏறும் நம்மூர் பக்கீர் முகம்மது தம்பியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

படித்த கையோடு பூத்துக்குப் போன் செய்யப்பா. நாளை மறுநாள் காலையிலிருந்து அவளை அங்கேயே உட்கார வைத்திருப்பேன். அம்மா முன்னே எழுதியது அத்தனையும் பொய் என்று அவளிடம் சொல். கையெழுத்துப் போடு என்று உன் வாயால் சொல்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா,
கமலாம்பாள்