நேற்று எங்கும் போகாத பெண்கள்

இன்று காலை ஒரு பெண் கதவைத் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு கணினி. போக்குவரத்துக் கணக்கெடுப்பாம். "ஆன்டி, நேத்து வீட்ட விட்டு எங்கெங்க போனீங்க? எதுல போனீங்க?" என்றாள். நீயும் நானும் ஒரு காலத்தில் சோறு தின்றதே அந்தக் கேள்வியால்தானே. இங்கே பிரிக்பீல்ட்ஸிலிருந்து உன் ஊர் கிள்ளானுக்கு ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன் என்றேன். என்ன காரியமாக என்றாள். வேலை, பள்ளி, கடை, மருத்துவமனை என்று வாசித்துக்கொண்டே போய், கடைசியில் 'மற்றவை'யில் விரலை வைத்தாள். உன் பதினாறாம் நாள் காரியம் அவளுக்கு 'மற்றவை'. அவள் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவள் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நமக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கீழே கடை, மேல்மாடியில் நாம் வேலை பார்த்த கணக்கெடுப்பு அலுவலகம். நீ வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரும் முந்தின நாள் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எதில் போனார்கள் என்று எழுதி வருவாய். நான் அதை எண்களாக மாற்றிக் கட்டங்களை நிரப்புவேன். அந்த எண்களை வைத்துத்தான், இன்னும் பத்து வருடத்தில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போவார்கள், எங்கே பஸ் விடுவது, எங்கே பாலம் கட்டுவது என்று கணித்தார்கள். "நேத்த தப்பா எழுதிக் குடுத்தா நாளைக்குத் தப்பாத்தான் கட்டுவாங்க" என்பாய். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வேலை நிரந்தரமாக வேண்டும், அவ்வளவுதான்.

செந்தூலில் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகள் உனக்கு வந்தன. தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் தேவையா என்பதுதான் அங்கே கேள்வி. வீட்டுத் தலைவர் பதில் சொன்னால் போதும் என்பது விதி. நம் வீடுகளில் அவர் இருக்கும்போது வேறு யார் வாயைத் திறப்பார்கள்? தன் வேலை, மகனின் பள்ளிக்கூடம் எல்லாம் விலாவாரியாகச் சொல்வார். பெண்கள் என்றால், "அவங்க எங்கயும் போறதில்ல" என்று முடித்துவிடுவார். மற்றவர்கள் கொண்டுவந்த படிவங்களில் பெண்களுக்கெல்லாம் நான் சைபர் போட்டேன். உன் படிவங்களில் மட்டும் பெண்கள் விடியுமுன்னே கிளம்பிப் போனார்கள்.

நான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். எண் போடுகிறவர்கள் வீடுகளுக்குப் போகக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது, தெரிந்துதான் வந்தேன். ஒரு வீட்டு முன்வாசலில் அந்த வீட்டுப் பெண்ணின் அப்பா, "மகளா? வீட்டோடதான் இருக்கா" என்றார். நீ தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாய், நானும் பின்னால் வந்தேன். மகள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஃபேக்டரி பஸ்ஸு அந்தப் பக்கந்தான் நிக்கும் அக்கா. அஞ்சு மணிக்கு லைன தாண்டித்தான் போவேன்."

"அப்பாவுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்லா. சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்காங்க. ஷிப்ட் வேலைன்னு வெளியாளுங்ககிட்ட சொல்ல மாட்டாரு."

ரயில் சத்தம் கேட்கும்போது எந்த லைனில் வருகிறது என்று தெரியாமல் இருட்டில் அப்படியே நின்றுவிடுவாளாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ எழுதிக்கொண்டாய்.

இரண்டு வாரம் கழித்து, படிவம் சரிதானா என்று பார்க்க வேறொருவர் அந்த வீட்டுக்குப் போனார். என் மகள் வேலைக்கே போகவில்லை, யாரோ இட்டுக்கட்டி எழுதியிருக்கிறார்கள் என்று அந்த அப்பா கத்திவிட்டார். காப்பிக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற ஆட்களும் அப்போது இருந்தார்கள். நீயும் அந்தக் கூட்டம் என்று மேலாளர் முடிவுகட்டினார். "இவளும் கூட வந்தா சார், இவளக் கேளுங்க" என்றாய். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். உனக்கு எதுவும் கேட்காது. என் நிரந்தர வேலைக் கடிதம் கையெழுத்தாகாமல் அவர் மேசைமேல் கிடந்தது. "நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்களா? யெஸ் ஆர் நோ" என்றார். உன்னைப் பார்க்கக்கூடாது என்று காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நோ சார்" என்றேன்.

உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, போகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்று அவர் உன்னிடம் சொல்லவில்லை. மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"சொன்னியா?"

"சொன்னேன். அவரு நம்பல."

"போதும்லா. நீயாச்சும் சொன்னியே" என்று என் கையை அழுத்தினாய். பாவி, நான் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் உன் படிவங்கள் திருத்துவதற்காக என் மேசைக்கு வந்தன. அந்தப் பெண்ணின் ஐந்து மணிப் பயணத்தை அடித்துவிட்டுச் சைபர் போட்டது நான்தான். நடைபாலம் தேவையில்லை என்று அறிக்கை போயிற்று. அவள் என்ன ஆனாள் என்று நான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

நீ கிள்ளானில் கல்யாணமாகி, ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு டின் முறுக்கு தப்பாமல் வரும். நீ என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பலமுறை சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவேன்.

நேற்றுப் பந்தியில் உன் மகள் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொன்னாள்: "அம்மாவுக்காக அந்த ஆபீஸ்ல வாயத் தொறந்தது இந்த ஆன்டி ஒருத்தங்கதான். அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே இருந்த பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இனி எந்த வேலையும் போகப்போவதில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். உன் மகள் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள். குடித்தேன்.