மூன்றாவது பட்டை

ஜூலை 3, திங்கள்
விடியலிலிருந்து மழை. தாராவிச் சந்தில் முழங்கால் தண்ணீர். மாதுங்காவில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி துணிக்கட்டு அனுப்பியிருக்கிறார். கூடவே சீட்டு: 'கொடி ஒன்று. பச்சை, மஞ்சல், நீலம் ஆறு அடி. புதன் காலை.' ஏதோ புது நாடு, அடுத்த வாரம் சுதந்திரமாம். பெயர் வாயில் நுழையவில்லை. கட்டில் பச்சை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, நீலத்தைக் காணோம். இந்த மனுசனுக்கு என்றைக்கு ஒழுங்காக அனுப்பத் தெரிந்தது? வீட்டில் கிடந்த நீலப் பாப்ளினை வெட்டினேன்.
வாங்க: மண்ணெண்ணெய், மெஷின் எண்ணெய், பெரியவளுக்கு ரிப்பன்.

ஜூலை 5, புதன்
தூறல். மாதுங்காவுக்கு நடந்தே போய்க் கொடுத்தேன். அந்த நாட்டு ஆள் டாக்சியோடு நின்றார். பிரித்துக்கூடப் பார்க்காமல் விமானத்துக்கு ஓட்டம். முதுகு வலி. மீன் கிடைக்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி
அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. 'நீலம் ஏன்?' என்று அங்கிருந்து தந்தியாம். சீட்டை நீட்டினேன்.

"அது நீலம் இல்ல செல்லம்மா, நீலம். கொடி எத்தன அடின்னு."

அவர் வாயில் இரண்டும் ஒன்று. இரண்டு கையையும் விரித்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது: நீளம். பம்பாயில் பிறந்து இந்தியில் படித்தவர். போன மாதம் 'பல்லிக்கூட டவுசர்' என்று எழுதினார், நானே திருத்திக்கொண்டேன். இதைத் திருத்தத் தோன்றவில்லையே. அந்த நாட்டில் கடல்கூடக் கிடையாதாம். கொடி திரும்பி வந்தால் மெஷினை எடுத்துக்கொள்வாராம். மெஷின் கடையுடையது. அது போனால் நானும் இரண்டு பெண்களும் எதைத் தின்பது? பயமாக இருக்கிறது.

ஜூலை 12, புதன்
சுதந்திரம் ஆகிவிட்டது! கொடியும் ஏறிவிட்டது, மூன்று பட்டையோடு. வேறு கொடி தைக்க நேரமில்லை போல. இங்கிலீஷ் பேப்பரில் போட்டிருப்பதை யாரிடமோ கேட்டுவந்து அண்ணாச்சி சொன்னார். பச்சை வயலாம், மஞ்சள் வெயிலாம், நீலம் எல்லோர் தலைக்கும் மேலே இருக்கும் ஒரே வானமாம். தலைவர் பல நாள் உண்ணாமல் உறங்காமல் யோசித்துத் தேர்ந்தெடுத்தாராம். சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் தினமும் அதற்கு சல்யூட் அடிப்பார்களாம்.

மெஷின் தப்பியது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை, நல்லா தச்சிருக்கன்னு சொன்னால் குறைந்தா போவார்? வருத்தம்தான்.

ஜூலை 14, வெள்ளி
நல்ல மழை. உலை வைக்கும் நேரம், வாசலில் அண்ணாச்சி, செருப்பைக் கையில் பிடித்தபடி. அங்கேயும் மழையாம். கொடி நனைந்து நீலச் சாயம் முழுக்க இறங்கிவிட்டதாம். சட்டத்தில் எழுத வேண்டும், ஊரெல்லாம் கொடி தைக்க வேண்டும், எந்த நீலம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கடைக்குத் தந்தி. ஐந்தாறு நீலத் துண்டுகளைப் பாயில் பரப்பினார்.

"நீ சொல்லு செல்லம்மா. நீ சொல்றதுதான் சட்டம்."

உட்காரச் சொன்னேன். டீ கொடுத்தேன். துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாட்டு விசயம் அண்ணாச்சி, திங்கக்கிழமை வாங்க என்றேன்.