நீங்கள் போடாத கையெழுத்து

என் பிரியமான, பிடிவாதக்கார அப்பாவுக்கு,

எம்.எஸ்ஸி. பிசிக்ஸுக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது. முந்தாநாள்தான் மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வைத்துவிட்டீர்களே, இது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

அந்த விண்ணப்பத்தில் நான்கு பக்கத்தையும் நானே நிரப்பினேன். உங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு கோடு. அதில் கையெழுத்துப் போடத்தானே கேட்டேன்? பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர்கள். "பி.எட். படிச்சா கடத்தூர்லயே டீச்சர் வேல. வூட்லருந்தே போய்ட்டு வரலாம். இதப் படிச்சுட்டு ரேடியோ ரிப்பேரா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு, பாரத்தை பைபிளுக்கு அடியில் செருகினீர்கள்.

நான் பேச்சை நிறுத்தினேன். பதினோரு நாள். உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் "எங்கப்பா என்னப் படிக்க உடமாட்டேங்கறாரு" என்று புலம்பினேன். பன்னிரண்டாம் நாள் காலையில், தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் அப்பா? நான் யாரிடம் போய் மிச்சத்தைப் போடுவது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாரத்தை வெளியே எடுத்தேன். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "அப்பன் போன ஈரங்கூட காயல, இதுக்குப் படிப்புக் கேக்குது" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும். உங்கள் மேல் இருந்த கோபத்தில் எனக்கு அழுகையே வரவில்லை.

வருமானச் சான்றுக்காக அரூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா தலையைத் தூக்காமலே கேட்டார். "அப்பாவக் கூட்டிட்டு வாம்மா."

"அப்பா எறந்துட்டாருங்க."

"அப்ப அவரு வருமானத்த எப்பிடிம்மா எழுதறது?"

"ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க."

"இல்லன்னு எழுத முடியாதும்மா. எறந்ததுக்கு சர்டிபிகேட் கொண்டா."

நீங்கள் இறந்துபோனதற்கு அத்தாட்சி வாங்க நான் அலைந்தேன் அப்பா. அங்கேதான் முதல் தடவையாக எனக்குக் கண் கலங்கியது, அதுவும் எரிச்சலில்.

மார்க் ஷீட் நகல்களில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டுமே, அதற்கு நம் மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்று தரையில் விழும்வரை வாசலில் நின்றேன். கை கழுவிக்கொண்டு வந்து, பச்சை மையில் ஏழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்கள் கோட்டில் அம்மா போட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, பத்து நிமிஷம். கடைசி நாளுக்கு முந்தின நாள் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

கடிதம் வந்த சேதி கேட்டு நேற்று நம் கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். ஜெபம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, "அப்ப மொட்ட எப்பங்க?" என்றார்.

"யாருக்குங்க மொட்ட?" என்றாள் அம்மா.

"வூட்ல சொல்லலீங்களா? அவரு எறந்து போறதுக்கு முந்துன செவ்வாக்கெழம கோயிலுக்கு வந்தாருங்க. பொண்ணுக்கு எம்.எஸ்ஸி. எடம் கெடச்சா மொட்டையும் அடிச்சு மீசையும் எடுத்துக்கறேன்னு அந்தோணியாருக்கு நேந்துகிட்டாரு."

"அவருதான் கையெழுத்தே போட மாட்டேன்னாரே!" என்று கத்தினேன்.

"அதயும் கேட்டேன்மா. கையெழுத்துப் போட்டா புள்ள போயிரும், போடாட்டி அழுவும், எங்கையால ரெண்டுமே ஆவாது உபதேசியாரே, அந்தோணியாரே பாத்துக்கட்டும்னாரு."

அப்பா, உங்களை என்ன செய்தால் தகும்? ஒரு பேனாவைத் திறக்க முடியாதவர் தலையைக் கொடுப்பாராம். பதினோரு நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போய்ட்டு வா" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே!

நேர்ந்தவர் இல்லாவிட்டால் பிள்ளைதான் செலுத்த வேண்டும் என்கிறார் உபதேசியார். "மீசைக்கு நீ ஒண்ணும் பண்ண முடியாது, அத அந்தோணியாரு உட்ருவாரு" என்றும் சொன்னார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அம்மா பயந்துபோனாள். "பாரத்துல ரெட்டச் சட போட்டோ ஒட்டியிருக்கற. மொட்டத் தலையோட போனா ஆளு வேறன்னு தொரத்திருவாங்கடி. எடமே போயிரும். சேந்துட்டு லீவுல வந்து அடிச்சுக்க."

அம்மா சொல்வதும் சரிதான். ஆனால் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியாதா? காலையிலேயே மாட்டு டாக்டரிடம் ஓடினேன். "மொட்ட போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாம்மா, ரெண்டும் ஒரே பொண்ணுதான்னு எழுதிப் பச்ச மையில போட்டுத் தரேன்" என்றார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் கோயிலில் தலையைக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை அந்தத் தலையோடுதான் கல்லூரிக்குள் நுழைவேன். வழியெல்லாம், பஸ்ஸில், ஹாஸ்டலில், வகுப்பில் கேட்பார்கள். கேட்கட்டும். முடி வளர்ந்து முடியும்வரை, கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "நான் படிக்கணும்னு எங்கப்பா நேந்துகிட்டாருங்க."

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மூத்த மகள்,
ரெஜினா